ஹெட்செட்டில் ஓவியம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அசல் ஓவியம் என்ன ஆகிறது?

தூரிகைத்தடம் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் பதினைந்து ஆண்டுகளாக எண்ணெய் வண்ணத்தில் வரைந்து வருகிறேன். சிறுவர் சிறுமியருக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். உலகின் பெரிய ஓவியங்களில் பெரும்பாலானவற்றை அச்சுப் புத்தகத்திலும் கணினித் திரையிலும் பார்த்தே கற்றுக்கொண்டவள். ஆறு மாதங்களுக்கு முன், கண்களை மூடி அணிந்து மெய்நிகர் காட்சிகளுக்குள் நுழைய உதவும் ஒரு விஆர் ஹெட்செட் கைக்கு வந்தது. கட்டடம் ஏதும் இல்லாமல் மெய்நிகர் வெளியில் மட்டும் இயங்குவதற்காக 2017-இல் தொடங்கப்பட்ட கிரெமர் அருங்காட்சியகத்துக்குள்தான் முதலில் நுழைந்தேன். பதினேழாம் நூற்றாண்டு டச்சு, பிளெமிஷ் ஓவியர்களின் படைப்புகள் எழுபதுக்கும் மேல் அங்கே இருக்கின்றன. ரெம்பிராண்ட் தம் இளமையில் வரைந்த, தலைப்பாகை அணிந்த முதியவரின் படத்துக்கு முன்னால் நின்றேன். மூக்கு பலகையைத் தொடும் அளவுக்கு நெருங்கினேன். தடுக்க யாரும் இல்லை. பிறகு சுற்றிச் சென்று படத்தின் பின்புறத்தைப் பார்த்தேன். நான் படித்த எந்தப் புத்தகமும் அந்தப் பின்புறத்தை எனக்குக் காட்டியதில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு கண்காட்சியில், அதே காலத்தைச் சேர்ந்த அசல் எண்ணெய் ஓவியம் ஒன்றைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க நேர்ந்தது. எனக்குள் முதலில் எழுந்தது ஏமாற்றம் என்பதை மறைக்க விரும்பவில்லை. கயிறு உறுத்தியது. என்னை அறியாமல் கழுத்தை நீட்டினேன். காவலர் வந்து பணிவாக எச்சரித்தார். பின்வாங்கி ஓரடி நகர்ந்தபோது, ஓவியத்திலிருந்த பெண்ணின் தோள்பட்டையில் ஒரு பளபளப்பு தோன்றி, நான் மீண்டும் நகர்ந்ததும் மறைந்தது. ஹெட்செட்டுக்குள் கழித்த அத்தனை மணி நேரத்திலும் அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

அன்றிலிருந்து மனம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மெய்நிகர் கருவி என் கண்ணைக் கூர்மையாக்கியதா, பொறுமை இல்லாததாக ஆக்கியதா? என் மாணவர்களுக்கு இதை எப்போது, எந்த அளவுக்குக் கொடுக்கலாம்? அனுபவத்திலிருந்து சொல்பவர்களின் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

நுண்படம் எழுதுகிறார்:

ஓவியங்களையும் சிற்பங்களையும் போட்டோகிராமெட்ரி முறையில், அதாவது பல கோணப் புகைப்படங்களிலிருந்து முப்பரிமாண வடிவத்தைக் கணக்கிட்டு, படியெடுக்கும் பணியில் இருக்கிறேன். தோள்பட்டையில் நீங்கள் கண்ட பளபளப்பு ஹெட்செட்டில் எங்கே போனது என்பதை என்னால் சொல்ல முடியும். அதை நீக்குவதுதான் எங்கள் வேலையின் முதல் படி.

நீங்கள் பார்த்த கிரெமர் தொகுப்பில் ஒவ்வொரு ஓவியத்தையும் 2,500 முதல் 3,500 தடவை வரை படமெடுத்திருக்கிறார்கள். இத்தனை படங்களையும் கணினி ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மேற்பரப்பிலுள்ள ஒரே புள்ளி எந்தெந்தப் படத்தில் எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அதிலிருந்து வண்ணப்பூச்சின் மேடுபள்ளங்களைக் கணக்கிடும். இந்தக் கணக்குக்குப் பளபளப்பு பகை. வண்ணப்பூச்சின் புள்ளி இருந்த இடத்தில் இருக்கும். வார்னிஷ் மீது தெறிக்கும் ஒளியோ கேமரா நகர நகரத் தானும் நகரும். ஆகவே கணினி குழம்பிவிடும். அதைத் தவிர்க்க, எங்கள் கூடத்தில் விளக்குக்கு முன் ஒரு போலரைசரையும் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) லென்ஸுக்கு முன் இன்னொன்றையும் குறுக்காக வைத்து, தெறிக்கும் ஒளியை முழுவதும் வடிகட்டிவிடுகிறோம். எஞ்சுவது மிகத் துல்லியமான வண்ணமும் மிகத் துல்லியமான வடிவமும்தான். நீங்கள் தலையை அசைத்தால் வண்ணப்பூச்சின் மேடுகள் இடம் மாறித் தெரியும். ஒளி மட்டும் அசையாது.

எண்ணெய் ஓவியத்தில் இது ஓரளவு தாங்கக்கூடிய இழப்பு. தங்கத்தகடு ஒட்டிய பழைய பலகை ஓவியங்களில் தாங்க முடியாத இழப்பு. மெழுகுவத்தியின் சுடர் ஆடும்போது புனிதர்களின் தலையைச் சுற்றிய ஒளிவட்டம் எரிவதைப் போலவும் அடங்குவதைப் போலவும் தோன்ற வேண்டும் என்பதற்காகவே தங்கத்தை இழைத்து, அதில் புள்ளிக்குறிகள் குத்தி வைத்தார்கள். நாங்கள் படியெடுத்த முதல் தங்கப் பலகையை ஹெட்செட்டில் பார்த்த நாள் இன்றும் நினைவிருக்கிறது. ஒளிவட்டம் இருந்த இடத்தில் மஞ்சளும் பழுப்பும் கலந்த ஒரு தட்டையான பூச்சு இருந்தது. குத்திய குறிகள் ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம் போலத் தெளிவாக இருந்தன. தங்கம் மட்டும் இல்லை. விளக்கை வெவ்வேறு கோணங்களில் நகர்த்திப் படமெடுத்து, ஒளி படும் விதத்தையும் சேர்த்துப் பதிவு செய்யும் முறைகள் இருக்கின்றன. அவை நேரமும் உழைப்பும் மிகுதியாகக் கேட்பவை. பொதுமக்கள் பார்க்கும் பெரும்பாலான மெய்நிகர் கூடங்களில் அவை இன்னும் இடம்பெறவில்லை.

தெளிவைப் பற்றியும் ஒரு சொல். நல்ல பார்வையுடைய மனிதக் கண் ஒரு பாகை அகலத்துக்குள் ஏறத்தாழ 60 பிக்சல்களைப் பிரித்தறியும். வீட்டில் பயன்படுத்தும் ஹெட்செட்டுகள் பெரும்பாலும் 20 முதல் 25 வரைதான் காட்டுகின்றன. உங்கள் மூக்கு பலகையைத் தொடும் அளவுக்கு நெருங்க வேண்டியிருந்ததற்கு ஆர்வம் மட்டும் காரணம் இல்லை. எட்ட நின்றால் அந்தத் தூரிகைத் தடங்கள் தெரிந்திருக்காது. அப்படி நெருங்கும்போது கண்கள் இரண்டும் உள்நோக்கித் திரும்புகின்றன, லென்ஸின் குவியமோ ஒன்றிரண்டு மீட்டர் தொலைவிலேயே நிலைத்திருக்கிறது. இந்த முரண்பாடுதான் அரை மணி நேரத்தில் நெற்றிப் பொட்டில் வலியாக வந்து உட்காருகிறது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், மாணவர்களுக்கு இதைக் கொடுங்கள் என்றே சொல்வேன். காரணம், அளவு. புத்தகத்தில் எல்லா ஓவியங்களும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடுகின்றன. வெர்மீரின் 'சரிகை பின்னும் பெண்' ஏறத்தாழ 24 செ.மீ. உயரமும் 21 செ.மீ. அகலமும் கொண்டது, ஒரு நோட்டுப்புத்தகத்தை விரித்து அதை மறைத்துவிடலாம். பிக்காசோவின் 'குவெர்னிக்கா' கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் உயரமும் ஏழே முக்கால் மீட்டர் அகலமும் கொண்ட சுவர். இரண்டையும் அடுத்தடுத்த பக்கங்களில் கைப்பிடி அளவில் பார்த்து வளர்ந்த மாணவருக்கு, உடம்பை வைத்து ஓவியத்தை அளக்கும் பழக்கம் வந்திருக்காது. புத்தகத்தாலும் கணினித் திரையாலும் செய்ய முடியாத இந்த ஒன்றை ஹெட்செட் செம்மையாகச் செய்கிறது. வண்ணத்தின் ஒளியை அசலிடம் கற்கட்டும். அளவை இதில் கற்கட்டும்.

குகைவழி எழுதுகிறார்:

நுண்படம் அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் "அசலிடம் கற்கட்டும்" என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். சக்கர நாற்காலியில் வாழ்பவன் நான். அசல் என்பது எனக்குப் பல நேரங்களில் படிக்கட்டின் மறுமுனையில் இருக்கும் ஒன்று.

சில அசல்கள் எவருக்குமே கிடைக்காதவை. தொல்பழங்கால ஓவியங்கள் கொண்ட, பிரான்சின் லாஸ்கோ குகை 1940-இல் கண்டுபிடிக்கப்பட்டு 1948-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,200 பேர் வந்தார்கள். அவர்களின் மூச்சுக்காற்றும் உடல் வெப்பமும் உள்ளே கொண்டுவரப்பட்ட விளக்குகளும் சேர்ந்து சுவரில் பாசியை வளர்த்தன. 1963-இல் குகை மூடப்பட்டது. பார்த்தவர்களின் மூச்சே படத்தைத் தின்றது. அந்தப் பாடத்தை அறிந்திருந்ததால், 1994 டிசம்பரில் அதே நாட்டில் ஷோவே என்ற இன்னோர் ஓவியக் குகை கண்டுபிடிக்கப்பட்டபோது அதைப் பொதுமக்களுக்குத் திறக்கவே இல்லை. 30,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட அந்தச் சிங்கங்களையும் குதிரைகளையும் காண நமக்கு இருக்கும் வழி, 2015-இல் திறக்கப்பட்ட கட்டுமானப் பிரதியும் மெய்நிகர் உலாக்களும்தான்.

மெய்நிகர் உலாவில் நான் கண்டது, புகைப்படத்தில் எந்நாளும் தெரியாத ஒன்று. குகையில் வரைந்தவர்களுக்குச் சட்டம் போட்ட பலகை இல்லை. பாறையின் புடைப்பைத் தோளாகவும் பள்ளத்தை வயிறாகவும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வரைவதற்கு முன் சுவரைச் சுரண்டி வெண்மையாக்கிய இடங்களும் உண்டு. புகைப்படத்தில் இவை அனைத்தும் தட்டையாகிவிடுகின்றன. ஹெட்செட்டில் கைவிளக்கின் ஒளியைச் சுவரோரமாகச் சாய்த்துக்கொண்டே நாற்காலியை மெல்ல நகர்த்தினேன். விலங்கின் முதுகுக்கோடு ஒரு பாறை விளிம்போடு சேர்ந்து வளைந்து, நான் நகர்ந்த பிறகுதான் முழு உடலாக நிறைந்தது. அதை வரைந்தவர் எங்கே நின்றிருப்பார் என்று அந்தக் கணத்தில் உடம்பால் உணர்ந்தேன். ஒளி அசையவில்லை என்பது ஓவியப் பலகைக்குப் பொருந்தலாம். குகைக்காக ஆக்கப்பட்ட நல்ல உலாக்களில் விளக்கே உங்கள் கையில் இருக்கிறது.

ஆசிரியராக நீங்கள் முடிவெடுக்கும்போது இதையும் கருதுங்கள்: உங்கள் மாணவர்களில் எல்லோரும் கயிற்றுக்கு அருகே வரக்கூடியவர்களாக இருக்க மாட்டார்கள்.

காற்றோவியன் எழுதுகிறார்:

இதுவரை வந்த இரண்டு மறுமொழிகளும் ஏற்கெனவே இருக்கும் ஒன்றின் பிரதியைப் பற்றியவை. மெய்நிகர் வெளியில் பிறந்து, வேறெங்கும் இருக்க முடியாத படைப்புகளைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

கனடா ஓவியர் ஷார் டேவிஸ் 1995-இல் 'ஆஸ்மோஸ்' என்ற படைப்பை உருவாக்கினார். அதில் கையில் பிடிக்க ஒன்றும் இல்லை. மார்பில் அணியும் ஓர் அங்கி மூச்சின் விரிவைப் பதிவு செய்யும். மூச்சை இழுத்தால் பார்ப்பவர் மேலே மிதப்பார், விட்டால் கீழே இறங்குவார், உடலைச் சாய்த்த பக்கம் நகர்வார். டேவிஸ் நீரில் மூழ்கும் பயிற்சி உடையவர். மூழ்குபவர் தம் நுரையீரலால் உயரத்தைச் சரிசெய்துகொள்ளும் முறைதான் அது. அவசரப்படுபவர் அந்த உலகத்தில் எதையும் பார்க்க முடியாது. முப்பது ஆண்டுகளுக்கு முன், இன்றைய கருவிகளோடு ஒப்பிட மிக எளிய வரைகலையில் செய்யப்பட்ட அந்தப் படைப்பு, கலையைப் பார்ப்பது என்பதை மூச்சு விடுவதாக மாற்றியது. அதன் பிறகு வந்தவற்றில் பெரும்பாலானவை மீண்டும் விரலுக்கும் பொத்தானுக்கும் திரும்பிவிட்டன என்பது எனக்குள்ள ஆற்றாமை.

2017-இல் மெக்சிகோத் திரைப்பட இயக்குநர் அலெஹாந்த்ரோ கொன்சாலஸ் இன்யாரிட்டு செய்த 'கார்னே ஒய் அரேனா' வேறு வழியில் உடம்பைப் பிடித்துக்கொண்டது. பார்ப்பவர் ஒரு குளிர்ந்த அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலுடன் உண்மையான மணலில் தனியாக நடந்து, எல்லையைக் கடக்க முயலும் மக்களின் நடுவே ஏறத்தாழ ஆறரை நிமிடம் இருக்க வேண்டும். கண் காண்பது மெய்நிகர். பாதம் உணர்வது மணல். இந்த இரண்டும் ஒன்றையொன்று மெய்ப்பிப்பதால்தான் அது திரைப்படத்திலிருந்து விலகி நிற்கிறது. அதற்குச் சிறப்பு ஆஸ்கர் விருதும் வழங்கப்பட்டது.

இப்போது என் சொந்த அனுபவம். நான் காகிதத்தை விட்டு டில்ட் பிரஷ் என்ற மென்பொருளில் வரையத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அதில் கோடு காற்றில் நிற்கும். ஒரு மனிதன் நடப்பதை வரைந்தபோது, காகிதத்தில் மணிக்கட்டு அசையும் இடத்தில் இங்கே நான் உண்மையாகவே நான்கடி நடக்க வேண்டியிருந்தது. அவன் காலடியை வரைய மண்டியிட்டேன், தலையை வரையக் குதிகாலை உயர்த்தினேன். முடித்துவிட்டு எட்ட நின்று பார்த்தால், முன்புறமிருந்து மனிதனாகத் தெரிந்தது பக்கவாட்டில் அவிழ்ந்த நாடாக்களின் குவியலாக இருந்தது. ஒரே கோணத்துக்காக வரையும் பழக்கம் எவ்வளவு ஆழமாக என் கையில் ஊறியிருக்கிறது என்று அன்றுதான் விளங்கியது. சிற்பிகளுக்கு இது அரிச்சுவடி. ஓவியர்களுக்கு ஒரு புதிய தொடக்கம். தூரிகைத்தடம் அவர்களே, உங்கள் மாணவர்களைப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள்; உள்ளே வரையவும் விடுங்கள். ஒரு நாற்காலியை நான்கு பக்கமும் சரியாக நிற்கும்படி காற்றில் வரைந்த பிள்ளைக்கு, பிறகு காகிதத்தில் தூரத்தையும் ஆழத்தையும் காட்டும் தூரநோக்கு விதிகளை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை.

ஒரு கவலையும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2016-இல் வெளிவந்த அந்த மென்பொருளை அதை வெளியிட்ட கூகுள் 2021-இல் மேம்படுத்துவதை நிறுத்திவிட்டு, மூல நிரலைப் பொதுவில் விட்டது. ஆர்வலர்கள் அதை எடுத்து ஓபன் பிரஷ் என்ற பெயரில் வளர்க்காமல் இருந்திருந்தால், எங்களைப் போன்றவர்களின் பழைய படைப்புகளை இன்றைய கருவிகளில் திறப்பதே பெரும்பாடாகியிருக்கும். எண்ணெய் ஓவியம் நானூறு ஆண்டுகள் சுவரில் தொங்குகிறது. என் முதல் படைப்பு நான்கே ஆண்டுகளில் திறக்க மறுத்தது. அதை மீட்க மூன்று இரவுகள் ஆயின.

கூடத்துக்காவல் எழுதுகிறார்:

நான் ஓவியனோ தொழில்நுட்பம் அறிந்தவனோ இல்லை. ஒரு கலைக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் காவலராக இருந்து ஓய்வு பெற்றவன். கழுத்தை நீட்டுபவர்களிடம் பணிவாகச் சொல்வது என் அன்றாட வேலையாக இருந்தது. அதனால்தான் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதத் தோன்றியது.

எங்கள் கூடத்தில் சில மாதங்கள் ஒரு மெய்நிகர் அறை வைத்திருந்தார்கள். பாரிஸின் லூவர் 2019-இல் லியொனார்டோ கண்காட்சிக்காக மோனா லிசாவைப் பற்றி இப்படி ஒன்றைச் செய்திருந்தது, 77 செ.மீ. உயரமும் 53 செ.மீ. அகலமும் கொண்ட அந்தப் படத்தைக் கண்ணாடிக்குப் பின்னால், கூட்டத்துக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டிய நிலையில், அப்படி ஒரு தனி அறை தேவைப்பட்டது இயல்புதான். எங்களுடையது அதைவிட மிகச் சிறியது. அந்த அறையிலிருந்து வெளியே வந்தவர்கள் நேராக அசல் ஓவியத்திடம் போவார்கள். இரண்டு விதமாக அவர்கள் பார்ப்பதைக் கண்டேன். தனியாக வந்தவர்களில் பலர் ஒரு நிமிடம் நின்றுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது என்ற முகம். துணையோடு வந்தவர்கள் நெடுநேரம் நிற்பார்கள். ஒருவர் ஒரு மூலையைச் சுட்டிக் காட்டுவார், மற்றவர் வேறொன்றைச் சொல்வார். "எனக்கு அது தெரியவே இல்லையே" என்று ஒருவர் மீண்டும் குனிவார். ஹெட்செட்டுக்குள் இருந்தபோது அருகிலிருந்தவரின் முகத்தை அவர்கள் பார்த்திருக்க முடியாது. அங்கே கண்டதை எல்லாம் வெளியே வந்து ஓவியத்தின் முன்னால் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள்.

வயதான ஒரு தம்பதி என் நினைவில் இருக்கிறார்கள். அம்மையாருக்குத் தலைசுற்றும் என்பதால் அவர் ஹெட்செட் அணியவில்லை. கணவர் பார்த்துவிட்டு வந்து, அசல் படத்தின் முன்னால் அவரை நிறுத்தி, உள்ளே தாம் கண்டதை ஒவ்வொன்றாகச் சொன்னார்: அடியில் மறைந்திருக்கும் முதல் வரைவில் கை வேறு இடத்தில் இருந்தது, பலகையில் ஒரு விரிசல் இருக்கிறது, இப்படி. அம்மையார் அமைதியாகக் கேட்டுவிட்டு, "கையை ஏன் மாற்றினார்?" என்று கேட்டார். கணவரிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு இருவரும் இருபது நிமிடம் நின்றார்கள்.

அம்மா, உங்கள் மாணவர்களை இரண்டிரண்டு பேராக அனுப்புங்கள். ஒருவர் உள்ளே பார்க்கட்டும், இன்னொருவர் கேட்கட்டும்.

தூரிகைத்தடம் மீண்டும் எழுதுகிறார்:

நால்வருக்கும் நன்றி. உடனே எழுதாததற்குக் காரணம், நீங்கள் சொன்னவற்றுள் இரண்டைச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

நுண்படம் அவர்கள் சொன்ன அளவைப் பற்றிய கருத்தை முதலில் எடுத்துக்கொண்டேன். வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரு சிறிய ஓவியத்தைப் புத்தகத்தில் காட்டினேன்; மற்றப் பாதிப் பேர் ஹெட்செட்டில் பார்த்தார்கள். மறுநாள் அதன் சட்டத்தைச் சுவரில் சுண்ணக்கட்டியால் அதே அளவில் வரையச் சொன்னேன். புத்தகத்தில் பார்த்தவர்கள் வரைந்த செவ்வகங்கள் எல்லாமே மிகப் பெரியவை; ஒன்று கதவளவு இருந்தது. ஹெட்செட்டில் பார்த்தவர்கள் சுண்ணக்கட்டியை எடுக்கும் முன் இரு கைகளையும் மார்புக்கு முன்னால் வைத்து அகலத்தை அளந்துகொண்டார்கள். அந்தக் கைகளைப் பார்த்தபோது என் கேள்வியில் பாதிக்கு விடை கிடைத்துவிட்டது.

குகைவழி அவர்களுக்கு: உங்கள் கடைசி வாக்கியம் என்னை உறுத்தியது, நியாயமாகவே. அடுத்த பருவத்தில் பாறையின் மேடுபள்ளத்தில் வரைவதை ஒரு பாடமாக வைக்கப் போகிறேன். களிமண்ணைக் கரடுமுரடாக அப்பிய பலகைகளையே கொடுக்க எண்ணம். காற்றில் வரையும் பயிற்சிக்கு மட்டும் இன்னொரு ஹெட்செட் வேண்டும், அதற்குக் காத்திருக்க வேண்டும்.

கூடத்துக்காவல் ஐயா, உங்கள் யோசனைப்படி அடுத்த மாதம் மாணவர்களை இரண்டிரண்டு பேராக அதே கண்காட்சிக்கு அழைத்துப் போகிறேன். நேற்றுத் தனியாகப் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்தத் தோள்பட்டையின் பளபளப்பு மாலை நான்கு மணிக்கு மேல்தான் தெளிவாகத் தெரிகிறது. இடப்பக்கச் சன்னலிலிருந்து எண்ணினால் மூன்றாவது தரைக்கல்லில் நிற்க வேண்டும், குழந்தைகளின் உயரத்துக்கு அநேகமாக நான்காவது.